ஹீரோஸ் 3: நகரம், சுரங்கம், கஜானா – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ 1999-இல் வந்த, முறை வைத்து ஆடும் கணினி உத்தி விளையாட்டு. நகரத்தைக் கட்டி, படை சேர்த்து, அதை ‘ஹீரோ’ என்ற தலைவரிடம் கொடுத்து வரைபடத்தில் நடத்த வேண்டும். இன்றும் புதிதாக ஆட வருபவர்கள் இருக்கிறார்கள், வருகிறவர்களுக்கு வரும் சந்தேகங்களும் அதேதான். சண்டை நுணுக்கம் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. “காசு பத்தல”, “எதிரி எப்படி அதுக்குள்ள இவ்வளவு படை வெச்சிருக்கான்” என்று கேட்பவர்களே அதிகம். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எண்கள் எல்லாம் மூல விளையாட்டும் அதன் இரண்டு அதிகாரபூர்வ விரிவாக்கங்களும் சேர்ந்த பதிப்புக்கு உரியவை. ரசிகர்கள் உருவாக்கிய பதிப்புகளில் சில மாறும்.

தங்கம் எங்கிருந்துதான் வருது? தினமும் 500 மட்டும் ஏறுது, அவ்வளவுதானா?

நகரத்தின் நடுவில் இருக்கும் மன்றம்தான் அடிப்படை வருமானம். ஆரம்பத்தில் இருப்பது வில்லேஜ் ஹால், நாளுக்கு 500 தங்கம். அதை டவுன் ஹாலாக்கினால் 1,000, சிட்டி ஹாலாக்கினால் 2,000, கேப்பிட்டலாக்கினால் 4,000. ஒவ்வொரு படியிலும் வருமானம் இரட்டிப்பாகிறது. இது போக, வரைபடத்தில் தங்கச் சுரங்கம் கிடைத்தால் நாளுக்கு 1,000.

மற்ற ஆறு பொருள்கள் மரம், தாது, பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம். மர மில்லும் தாதுக் குழியும் நாளுக்கு இரண்டிரண்டு தரும். மற்ற நான்கின் சுரங்கங்கள் நாளுக்கு ஒன்றுதான். கடைசி நான்கும் அரிய பொருள்கள் என்பதை நினைவில் வையுங்கள், சந்தை விலையில் இது பெரிய வித்தியாசம் செய்யும்.

ஒரு நாளைக்கு ஒரு கட்டிடம்தான் கட்ட விடுது. அப்போ முதல்ல எதைக் கட்டறது?

ஒரு நகரத்துக்கு ஒரு நாளைக்கு ஒன்று, அதில் மாற்றமில்லை. அதனால் தங்கத்தைவிட நாள்தான் அரிது. காசு இருந்தும் ஒரு நாள் எதுவும் கட்டாமல் விட்டால், அந்த நாளை எந்தச் சந்தையிலும் திரும்ப வாங்க முடியாது.

பெரும்பாலான வரைபடங்களில் முதல் நாள் டவுன் ஹால் கட்டுவது சரி. அதற்கு டேவர்ன் (ஹீரோக்களைக் கூலிக்கு எடுக்கும் விடுதி) இருக்க வேண்டும், தொடக்க நகரத்தில் பொதுவாக இருக்கும். விலை 2,500, கூடுதல் வருமானம் நாளுக்கு 500, போட்ட காசு ஐந்தே நாளில் திரும்பி வந்துவிடும். பக்கத்திலேயே ஒரு நல்ல சுரங்கத்தைக் கொஞ்சம் பலமான காவல் மறித்துக்கொண்டிருந்தால் மட்டும் டவுன் ஹாலை ஒரு நாள் தள்ளிவிட்டு, முதலில் ஒரு ட்வெல்லிங் கட்டலாம். ட்வெல்லிங் என்பது படைகள் பிறக்கும் கட்டிடம்.

கேப்பிட்டல் வரைக்கும் போறது உண்மையிலேயே லாபமா? அதுக்குள்ள எதிரி வந்துட மாட்டானா?

விலையை மட்டும் பார்த்தால் சிட்டி ஹால் 5,000, கேப்பிட்டல் 10,000. இரண்டும் டவுன் ஹாலைப் போலவே ஐந்து நாளில் தன் விலையைத் திருப்பிவிடும். ஆனால் அவற்றுக்கு முன்நிபந்தனைகள் உண்டு. சிட்டி ஹாலுக்கு முன்பு சந்தை (500), கொல்லர் பட்டறை (1,000), முதல் நிலை மேஜ் கில்டு என்ற மந்திரக் கூடம் (2,000) வேண்டும். இவற்றையும் சேர்த்தால் திரும்ப எட்டரை நாள் ஆகும். கேப்பிட்டலுக்கு கேசில் வேண்டும். ஃபோர்ட், சிட்டடெல், கேசில் என்பவை கோட்டையின் மூன்று படிகள். ஃபோர்ட் ஏற்கெனவே இருந்தால், சிட்டடெல் 2,500, கேசில் 5,000, ஆக மொத்தம் 17,500. கிட்டத்தட்ட ஒன்பது நாள்.

நார்மல் என்ற கடின நிலையில் 20,000 தங்கம், 20 மரம், 20 தாது கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறோம். டேவர்னும் ஃபோர்ட்டும் இருக்கிற நகரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் நாள் டவுன் ஹால், அப்புறம் வரிசையாகச் சந்தை, பட்டறை, மேஜ் கில்டு, ஐந்தாம் நாள் சிட்டி ஹால், ஆறாம் நாள் சிட்டடெல், ஏழாம் நாள் கேசில். செலவு 18,500. இதற்குள் 8,000 வந்திருக்கும். எட்டாம் நாள் காலை இன்னும் 2,000 சேர்ந்து கையில் 11,500 இருக்கும், கேப்பிட்டல் கட்டிவிடலாம். நடுவில் 2,500 கொடுத்து இரண்டாவது ஹீரோவை எடுத்தால் 1,000 குறையும், அதை ஒரே ஒரு புதையல் பெட்டி ஈடுகட்டிவிடும். தாது சரியாக 20 செலவாகும். மரம் 25 தேவை, அதாவது ஐந்து குறைகிறது. முதல் மூன்று நான்கு நாளில் மர மில்லைப் பிடிக்காவிட்டால் இந்தத் திட்டம் மரத்தில்தான் தடுக்கி விழும், தங்கத்தில் அல்ல.

இந்த வரிசையில் ஒரு புதிய ட்வெல்லிங்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெரிய வரைபடத்தில், எதிரி தொலைவில் இருந்தால் பரவாயில்லை. சின்ன வரைபடத்தில் இரண்டாவது வாரமே வாசலில் வந்து நிற்பான். அங்கே சிட்டி ஹாலோடு நிறுத்திக்கொண்டு படையில் காசைப் போடுவதுதான் என் கட்சி.

கேசில் எதுக்கு? என்னை யாரும் தாக்கவே இல்லையே, மதில் எதுக்கு வீணா?

மதிலுக்காகக் கட்டுவதே இல்லை. சிட்டடெல் இருந்தால் வாரந்தோறும் பிறக்கும் படை ஒன்றரை மடங்கு, கேசில் இருந்தால் இரண்டு மடங்கு. மனிதர்கள் நகரத்தில் ஈட்டிக்காரர்கள் வாரத்துக்கு 14 பேர், கேசிலோடு 28. வில்லாளிகள் 9, கேசிலோடு 18. தேவதைகள் ஒன்று, கேசிலோடு இரண்டு. இரண்டு நகரத்தின் படை ஒரே நகரத்தில் கிடைக்கிறது. அகழி, அம்புக் கோபுரமெல்லாம் இலவச இணைப்பு.

வாரம் திரும்பறப்போ என்ன நடக்குது? ஏழாம் நாள்னா ஏன் எல்லாரும் பரபரக்கறாங்க?

ஏழாம் நாள் முடிந்து அடுத்த வாரத்தின் முதல் நாள் விடியும்போதுதான் எல்லா ட்வெல்லிங்கிலும் புதிய படை பிறக்கிறது. அந்த நொடியில் என்ன கட்டிடம் இருக்கிறதோ அதுதான் கணக்கு. கேசிலை ஏழாம் நாள் கட்டினாலும் மறுநாள் முழு இரட்டிப்பு கிடைக்கும். எட்டாம் நாள் கட்டினால் அடுத்த ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு வாரத் தண்டனை.

ட்வெல்லிங்கிலும் இதே விஷயம் இருக்கிறது. கட்டியவுடனே ஒரு வாரத்துக்கு உரிய அடிப்படை எண்ணிக்கை உள்ளே தயாராக இருக்கும். ஏழாம் நாள் கட்டினால் இன்று ஒரு தொகுதி, நாளை வாரம் திரும்பியதும் இன்னொரு தொகுதி. அதனால் வாரத்தின் முதல் பாதியில் வருமானக் கட்டிடங்கள், கடைசி இரண்டு மூன்று நாளில் ட்வெல்லிங்கும் கோட்டையும் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

காசு இல்லாம படை வாங்காம விட்டுட்டேன். அது போயிடுமா?

நகரத்துக்குள் இருப்பது போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு வாரம் கழித்து வந்து மொத்தமாக வாங்கலாம். பெரிய அளவில் குறைவது கொள்ளைநோய் மாதம் வந்தால்தான், அப்போது எல்லா இடத்திலும் பாதியாகிவிடும்.

ஆனால் வரைபடத்தில் தனியாக நிற்கும் ட்வெல்லிங்குகள் இப்படி அல்ல. அங்கே பழையது சேர்வதில்லை, இந்த வாரத்துப் படையை இந்த வாரமே போய் எடுக்க வேண்டும்.

வெளியில இருக்கற ட்வெல்லிங்கைப் பிடிச்சு என்ன லாபம்? அவ்வளவு தூரம் யார் போறது?

போகாவிட்டாலும் லாபம் உண்டு. உங்கள் நகரத்தில் பிறக்கும் அதே இனத்தின் ட்வெல்லிங்கை வெளியே பிடித்து வைத்திருந்தால், நகரத்தில் அந்த இனத்தின் வாரப் பிறப்பில் ஒன்று கூடும். ஈட்டிக்காரரில் ஒன்று கூடி என்ன ஆகப்போகிறது? ஆனால் உச்சமான ஏழாம் நிலை மிருகத்தில் அடிப்படையே ஒன்றுதான், அதில் ஒன்று கூடுவது பெரிய சமாசாரம்.

முதல் நிலை ட்வெல்லிங் என்றால் அங்கே இருப்பவர்கள் காசே கேட்காமல் சேர்ந்துகொள்வார்கள். வழியில் போகும் துணை ஹீரோ அள்ளிக்கொண்டு போகட்டும்.

சுரங்கம் நிறைய இருக்கு. எதை முதல்ல பிடிக்கணும்?

மரமும் தாதுவும் முதலில். எந்த நகரமாக இருந்தாலும் முதல் வாரத்துக் கட்டிடங்கள் இவற்றைத்தான் தின்னும். அடுத்தது உங்கள் நகரத்தின் உயர்நிலைப் படை கேட்கும் அரிய பொருள். மனிதர்கள் நகரத்துக்கு ரத்தினம், டன்ஜன் வகை நகரத்துக்குக் கந்தகம், இன்ஃபெர்னோ வகைக்குப் பாதரசம். ஒரு தேவதை 3,000 தங்கமும் ஒரு ரத்தினமும் கேட்கும். ரத்தினம் இல்லாவிட்டால் தங்கத்தை வைத்துக்கொண்டு வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

தங்கச் சுரங்கத்தை மூன்றாவதாகச் சொல்வதைப் பார்த்துச் சிலர் சண்டைக்கு வருவார்கள். அதற்குப் பொதுவாகக் காவல் அதிகம், முதல் வாரத்தில் அங்கே பாதிப் படையை இழந்தால் நாளுக்கு 1,000 என்பது நஷ்டக் கணக்கு. காவல் இல்லாமல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்.

பிடிச்ச சுரங்கத்தை எதிரி வந்து வந்து பறிக்கறான். காவலுக்குப் படை நிறுத்தலாமா?

நிறுத்தலாம். உங்கள் கொடி பறக்கும் சுரங்கத்துக்குள் மறுபடி நுழைந்தால் படையை விட்டுவிட்டு வர வழி இருக்கிறது. ஆனால் எல்லாச் சுரங்கத்துக்கும் பிரித்துக் கொடுத்தால் எங்கேயும் பலம் இருக்காது. பறிக்க வருகிறவன் பெரும்பாலும் ஒன்றிரண்டு சில்லறைப் படையோடு சுற்றும் துணை ஹீரோதான். அவன் வரும் வழி ஒன்றே என்றால் அந்த ஒரு சுரங்கத்தில் மட்டும் கொஞ்சம் வில்லாளிகளை விடுங்கள். மற்றதை அவன் பறிக்கட்டும், உங்கள் துணை ஹீரோ மறுநாள் திரும்பப் பிடிக்கட்டும்.

இதையே நீங்களும் செய்யலாம். எதிரியின் தங்கச் சுரங்கத்தில் உங்கள் கொடியை ஏற்றி ஒரே நாளில் அவன் திரும்பப் பிடித்துவிட்டாலும், அவனுடைய ஒரு ஹீரோவின் அன்றைய நடை அதற்கே போய்விட்டது.

மரம் சுத்தமா தீர்ந்துபோச்சு. சந்தையில வாங்கிடவா?

வாங்கும் முன் விலையைப் பாருங்கள். ஒரே ஒரு சந்தை இருந்தால் ஒரு மரமோ தாதுவோ 2,500 தங்கம், அரிய பொருள் ஒன்று 5,000. அதே மரத்தை விற்கப்போனால் உங்களுக்குக் கிடைப்பது 25. நூறு மடங்கு வித்தியாசம், பகல் கொள்ளை. பொருளுக்குப் பொருள் மாற்றினால் கொஞ்சம் தேவலாம். ஒரு மரத்துக்கு ஐந்து அரிய பொருள் கேட்பான். கந்தகமே தேவைப்படாத நகரம் உங்களுடையது என்றால் அதைத் தள்ளிவிட்டு மரம் வாங்குவதில் தப்பில்லை.

விலை உங்களிடம் உள்ள மொத்தச் சந்தைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டு சந்தை இருந்தால் மரம் 1,667, மூன்று இருந்தால் 1,250, ஒன்பது இருந்தால் 500. எந்த நகரத்தில் இருந்து வாங்கினாலும் இதே கணக்கு. அதனால் புதிதாகப் பிடித்த ஒவ்வொரு நகரத்திலும் சந்தை கட்டிவிடுங்கள், 500 தங்கமும் 5 மரமும்தான்.

இரண்டாவது நகரம் கிடைச்சிருக்கு, ஆனா வேற இனம். அதுல காசு போடலாமா?

வருமானத்துக்காகப் போடுங்கள், படைக்காக யோசித்துப் போடுங்கள். டவுன் ஹால் எங்கே கட்டினாலும் ஐந்து நாளில் திரும்பும் என்று மேலே பார்த்தோம். விளையாட்டு இன்னும் இரண்டு வாரமாவது ஓடும் என்றால் சிட்டி ஹாலும் சரி. ட்வெல்லிங் கட்ட ஃபோர்ட் வேண்டும், அது இல்லாத நகரம் என்றால் 5,000 தங்கத்தோடு 20 மரம், 20 தாது ஆகும். அந்த மரம் உங்கள் முதல் நகரத்தின் வாயிலிருந்து பிடுங்கியதாக இருக்கும்.

இன்னொன்று, இரண்டு இனம் கலந்தால் ஒற்றை இனப் படைக்குக் கிடைக்கும் மன உறுதிக் கூடுதல் போய்விடும். மூன்று கலந்தால் ஒன்று குறையும். வேற்றினப் படையை முதன்மை ஹீரோவிடம் கலக்காமல் அந்த நகரத்தின் காவலுக்கோ இரண்டாவது ஹீரோவுக்கோ கொடுத்துவிடுவது என் வழக்கம்.

எதிரியோட கேப்பிட்டல் இருக்கற நகரத்தைப் பிடிச்சேன். ஆனா 2,000தான் வருது. இது பக்-ஆ?

பக் எல்லாம் இல்லை. ஒருவருக்கு ஒரே கேப்பிட்டல்தான். ஏற்கெனவே உங்களிடம் ஒன்று இருந்தால், பிடித்தது சிட்டி ஹாலாக இறங்கிவிடும். உங்களுடையது பறிபோனால் வேறொரு நகரத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

எத்தனை ஹீரோ வெச்சுக்கணும்? ஒவ்வொருத்தருக்கும் 2,500 வலிக்குதே.

வரைபடத்தில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் வரை இருக்கலாம். முதல் வாரத்திலேயே இரண்டாவது ஆள், முடிந்தால் மூன்றாவது ஆள் வேண்டும். முதன்மை ஹீரோ சண்டை போடட்டும். கீழே கிடப்பதைப் பொறுக்குவது, சுரங்கத்தில் கொடி நடுவது, தண்ணீர்ச் சக்கரத்தையும் காற்றாலையையும் வாராவாரம் போய்ப் பார்ப்பது எல்லாம் மற்றவர்கள் வேலை. தண்ணீர்ச் சக்கரம் முதல் வாரம் 500, அதற்கப்புறம் வாரம் 1,000 தரும். அது ஒன்றே ஒரு ஹீரோவின் கூலியை மூன்று வாரத்தில் கட்டிவிடும்.

பெரிய பயன் படையைக் கைமாற்றுவதில் இருக்கிறது. ஊரில் வாங்கிய படையோடு ஒரு துணை ஹீரோ தன் நடை தீரும்வரை போய், அங்கே நிற்கும் அடுத்தவரிடம் படையை ஒப்படைக்க, அவர் மிச்ச தூரத்தை அதே நாளில் நடக்கலாம். அஞ்சல் ஓட்டம் மாதிரி. மூன்று பேர் வழியில் நின்றால், மூன்று நாளில் போய்ச் சேர வேண்டிய படை இன்றே முனையில் இருக்கும். ஹீரோவின் நடை காலையில் அவரிடம் உள்ள மிக மெதுவான படையைப் பொறுத்து அமைகிறது என்பதால், மாலையில் அந்த மந்தமானவர்களைப் பக்கத்தில் நிற்பவரிடம் கழற்றிவிட்டுத் தூங்க வைப்பதும் உண்டு.

புதையல் பெட்டியில தங்கம் எடுக்கறதா, அனுபவம் எடுக்கறதா?

தங்கம் 1,000, 1,500, 2,000 என்று மூன்று அளவில் வரும், அதற்கு எதிராக அனுபவம் 500, 1,000, 1,500. துணை ஹீரோ திறந்தால் எப்போதும் தங்கம். முதன்மை ஹீரோ என்றால், கேப்பிட்டல் கணக்கில் பார்த்த அந்த 1,000 மாதிரி ஏதாவது கட்டிடம் குறுகிய தொகைக்காக நிற்கும்போது தங்கம், மற்ற நேரம் அனுபவம். இரண்டாம் நிலைக்கு 1,000 அனுபவம் போதும் என்பதால் ஆரம்பப் பெட்டிகள் ஒரே மூச்சில் நிலை ஏற்றிவிடும்.

எஸ்டேட்ஸ் திறமையை எடுக்கலாமா? தினமும் காசு வருமே.

ஆரம்ப நிலையில் நாளுக்கு 125, அடுத்து 250, உச்சத்தில் 500. ஒரு ஹீரோவுக்கு எட்டுத் திறமைதான் இடம். முதன்மை ஹீரோவின் ஒரு இடத்தை இதற்குக் கொடுக்க எனக்கு மனசு வராது. துணை ஹீரோவிடம் இருந்தால் நல்லது, சும்மா ஊரில் நின்றாலும் காசு வரும். கெய்ட்லின் போலத் தங்கத்தையே தனிச்சிறப்பாகக் கொண்டவர்கள் நாளுக்கு 350 தருவார்கள், ஒரு வாரத்துக்குச் சற்று மேலே கூலியைத் திருப்பிவிடுவார்கள். டேவர்னில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கஜானாவுல 40,000 சேர்ந்திருக்கு. பத்திரமா வெச்சுக்கலாமா, இல்ல எல்லாத்தையும் செலவு பண்ணிடறதா?

சேர்ந்திருக்கிறது என்றாலே எங்கோ ஏதோ வாங்கப்படாமல் நிற்கிறது என்று பொருள். மனிதர்கள் நகரத்தில் எல்லா ட்வெல்லிங்கும் கேசிலும் இருந்தால், மேம்படுத்தாத படையை மட்டும் முழுதாக வாங்க வாரத்துக்கு 21,080 தங்கம் ஆகும். சிட்டி ஹாலின் வார வருமானம் 14,000, கேப்பிட்டலுக்கு 28,000. அதாவது சிட்டி ஹாலோடு நின்றவருக்குப் படையே முழுதாக வாங்கக் கட்டாது, கேப்பிட்டல் உள்ளவருக்கு மேம்படுத்தக் கொஞ்சம் மிஞ்சும். 40,000 மிஞ்சியிருந்தால் ட்வெல்லிங் கட்டாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது அரிய பொருள் இல்லாமல் உயர்நிலைப் படை முடங்கியிருக்கிறது. இரண்டாவது காரணம் என்றால், 5,000 கொடுத்துச் சந்தையில் ஒரு ரத்தினம் வாங்குவதுகூட அப்போது நியாயம்தான்.

ராம்பார்ட்ல ட்ரெஷரி வட்டி தருதே, அங்கயாவது சேர்த்து வைக்கலாமா?

ராம்பார்ட் வகை நகரத்தில் மட்டும் கட்டக்கூடிய ட்ரெஷரி, வாரம் திரும்பும்போது கையில் உள்ள தங்கத்தில் பத்து சதவீதம் தரும். 10,000 வைத்திருந்தால் 1,000, தங்கச் சுரங்கத்தின் ஒரு நாள் வரவு. இதற்காக வாரம் முழுக்கச் செலவை நிறுத்துவது சரிப்படாது. ஆனால் ஏழாம் நாள் மட்டும் படை வாங்காமல் இருங்கள். நகரத்தில் படை எங்கும் போகாது என்று முன்பே சொன்னேன் அல்லவா, வட்டி வந்ததும் மறுநாள் காலை பழையதையும் புதியதையும் சேர்த்து வாங்கலாம். ஏழாம் நாள் கட்ட வேண்டிய கட்டிடத்தை மட்டும் வட்டிக்காகத் தள்ளாதீர்கள்.

இம்பாஸிபிள்ல ஒண்ணுமே குடுக்க மாட்டேங்கறான். எப்படித் தொடங்கறது?

இம்பாஸிபிள் என்ற உச்சக் கடின நிலையில் பூஜ்யத்தில் தொடங்கினால் மேலே சொன்ன வரிசை எதுவும் செல்லாது. முதல் நாள் ஹீரோவை நகரத்தைச் சுற்றி விட்டு, தீக்குண்டம், பெட்டி, சிதறிக் கிடக்கும் தங்கம் எல்லாவற்றையும் எடுங்கள். இங்கே முதன்மை ஹீரோவும் பெட்டியில் தங்கம்தான் எடுக்க வேண்டும். முதல் 2,500 சேர்ந்ததும் டவுன் ஹாலா, இரண்டாவது ஹீரோவா என்ற கேள்வி வரும். பொறுக்குவதற்கு இன்னும் கண்ணுக்குத் தெரிந்து கிடக்கிறது என்றால் ஹீரோ, இல்லையென்றால் டவுன் ஹால். புதிய ஹீரோ கொஞ்சம் படையோடு வருவார், அதை முதன்மை ஹீரோவிடம் சேர்த்தால் முதல் காவலை உடைக்கப் போதும்.

கிரெயில் தேடப் போகலாமா, நேர விரயமா?

கிரெயில் என்பது வரைபடத்தில் எங்கோ புதைந்திருக்கும் அரும்பொருள். அது கிடைத்து நகரத்தில் கட்டிவிட்டால் நாளுக்கு 5,000 தங்கமும், அந்த நகரத்தில் ஐம்பது சதவீதம் அதிகப் பிறப்பும். கேப்பிட்டலைவிடப் பெரிது. ஆனால் தூபிகள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் புதிர் வரைபடத்தைத் திறக்க வேண்டும், தோண்ட ஒரு ஹீரோவின் முழு நாள் நடையும் மிச்சம் இருக்க வேண்டும். பெரிய வரைபடத்தில் துணை ஹீரோக்கள் வழியில் பார்த்துக்கொண்டே போகட்டும், முதன்மை ஹீரோவைத் தூபி தேட அனுப்பாதீர்கள். கட்டுவது உங்கள் கேசில் இருக்கும் நகரத்தில் இருக்கட்டும்.

இருந்த ஒரே நகரமும் போச்சு, ஆனா பெரிய படை கையில இருக்கு. ஆட்டம் முடிஞ்சுதா?

ஏழு நாள் தவணை உண்டு. அதற்குள் ஏதாவது ஒரு நகரத்தைப் பிடித்தால் ஆட்டம் தொடரும். பறிகொடுத்த நகரத்தையே திரும்ப எடுக்க வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம், கைப்பற்றியவன் அங்கே பிறந்து கிடக்கும் படையை வாங்கி நிரப்பியிருப்பான். அவனுடைய சொந்த நகரம் அப்போது காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். நடை கணக்குப் பார்த்து, ஏழு நாளுக்குள் எட்டுமா என்று உறுதி செய்துகொண்டு நேராக அங்கே போங்கள். உங்கள் கேப்பிட்டல் போய்விட்டதால் அங்கே அவன் கட்டி வைத்திருப்பது கேப்பிட்டலாகவே உங்களிடம் வரும்.